வாகாவ் கட்டுரையும் ஒரு தோட்டத் தொழிலாளியின் திருத்தங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆஸ்திரியாவின் வாகாவ் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்தது. ஊரிலிருந்து என் அக்கா மகன் அதைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, நீங்க வேலை பார்க்கிற இடம்தானே இது?" என்று கேட்டிருந்தான். அதே இடம்தான். 2006ஆம் ஆண்டிலிருந்து கவாத்துக் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் ஏறி இறங்குகிற மலை அது. தமிழில் அதைப் பற்றி முக்கால் பக்கம் வந்ததைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் அருமையான இடம். அதனாலேயே கட்டுரையில் இருந்த பிழைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கம்பம் பக்கத்தில் பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன். மனைவி செவிலியர், அவருக்கு கிரெம்ஸ் நகரில் வேலை கிடைத்தபோது நானும் வந்தேன். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. வைசன்கிர்ஷன் கிராமத்தில் ஒரு தோட்டக்காரர் என்னை ஒரு கொடியின் முன் நிறுத்தி, கத்தரியைக் கையில் கொடுத்து, எத்தனை கண் (மொட்டு) விடுவாய் என்று விரலால் கேட்டார். நானும் விரலால் பதில் சொன்னேன். அன்று கிடைத்த வேலைதான் இன்றும் பார்க்கிறேன்.

இனி கட்டுரைக்கு வருகிறேன். "மெல்க் முதல் கிரெம்ஸ் வரை டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் இடைவெளியில்லாமல் திராட்சைத் தோட்டங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளத்தாக்கின் நீளம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர் என்பது சரி. ஆனால் மெல்க் பக்கம் பெரும்பாலும் காடும் பழமரங்களும்தான். ஸ்பிட்ஸ் கிராமத்தை நெருங்கும்போதுதான் கொடிகள் மலையேறத் தொடங்கும். அங்கிருந்து வோசன்டோர்ஃப், யோஹிங், வைசன்கிர்ஷன், டூர்ன்ஸ்டைன், லோய்பன் என்று கிழக்கே போகப் போகத் தோட்டங்கள் நெருங்கும். தென்கரையில் ரோசாட்ஸும் மௌட்டர்னும். எல்லாம் சேர்த்தால் சுமார் 1,300 ஹெக்டேர். ஆஸ்திரியாவின் மொத்தத் திராட்சைப் பரப்பில் இது மூன்று சதவீதம் அளவுக்குத்தான் வரும். கிரெம்ஸ் நகரத்தின் தோட்டங்கள் இந்தக் கணக்கில் சேராது. அவை கிரெம்ஸ்டால் என்ற வேறு பகுதி. நான் குடியிருப்பது அங்கே, வேலை பார்ப்பது இங்கே என்பதால் இந்த எல்லையைத் தினமும் தாண்டுகிறேன்.

ஸ்பிட்ஸில் ஊருக்கு நடுவிலேயே ஒரு குன்று இருக்கிறது. அதன் பெயர் டௌசண்ட்-ஐமர்-பெர்க். "ஆயிரம் வாளி மலை" என்று மொழிபெயர்த்து, தொழிலாளர்கள் ஆயிரம் வாளித் தண்ணீர் சுமந்து ஊற்றியதால் வந்த பெயர் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். ஐமர் என்றால் இன்றைய பேச்சில் வாளிதான். ஆனால் இந்தப் பெயரில் வருவது பழைய ஒயின் அளவை. நம் ஊரில் கலம், மரக்கால் என்று இருந்ததைப் போல. ஓர் ஐமர் சுமார் 56 லிட்டர். நல்ல மகசூல் உள்ள ஆண்டில் அந்தக் குன்றிலிருந்து ஆயிரம் ஐமர் ஒயின் இறங்கும் என்பதுதான் பெயரின் பொருள். ஆயிரம் கலம் விளையும் வயல் என்று சொல்வோமே, அதே பேச்சு.

என்னை மிகவும் வருத்தியது வேறொரு வரி. "இயற்கை அன்னை மலைச்சரிவில் செதுக்கிய படிகள்" என்று எழுதியிருந்தீர்கள். ஐயா, அந்தப் படிகளில் ஒன்றைக்கூட இயற்கை செய்யவில்லை. அத்தனையும் மனிதர்கள் கட்டியவை. பவேரியாவின் மடங்கள் இங்கே நிலம் வைத்திருந்த இடைக்காலத்திலிருந்து இன்றுவரை ஆட்கள் முதுகு வளைந்து கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வாகாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் "பண்பாட்டு நிலப்பரப்பு" என்றுதான் சேர்த்தது. மனிதக் கையும் நிலமும் சேர்ந்து உருவானது என்று அதற்குப் பொருள்.

கம்பத்துக்காரர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: கையாலை. மேலே ஏலத்தோட்டங்களில் சரிவு மண் ஓடாமலிருக்கக் கல்லடுக்கிக் கட்டுவார்களே, அதேதான். இங்கும் சுண்ணாம்பு கிடையாது, சிமென்ட் கிடையாது. கல்லின் மேல் கல்.

கட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2024 செப்டம்பர் நடுவில் நான்கு நாள் விடாமல் பெய்த பேய்மழையில், நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் மேலிருந்து மூன்றாவது தட்டின் (படியின்) கையாலை சரிந்தது. நான்கு மீட்டர் நீளம், ஆள் உயரம். ரீஸ்லிங் என்ற திராட்சை ரகத்தின் ஒன்பது கொடிகள் வேரோடு கீழ்த்தட்டில் விழுந்து கிடந்தன. என் முதலாளியின் தாத்தா நட்ட கொடிகள் அவை. அவர் ஒரு கொடியைத் தூக்கி வேரில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு அதை அப்படியே கீழே வைத்துவிட்டு அறுவடைக்குப் போனார். அறுவடை முடியும்வரை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

டிசம்பரில் நாங்கள் இருவர் அந்த இடத்துக்குப் போனோம். சரிந்த கற்களைப் பிரித்து வகைப்படுத்துவதற்கே மூன்று நாள் ஆனது. அடிக்கல்லுக்குப் பெரியவை, முகப்புக்கு ஒரு பக்கம் தட்டையானவை, மலைக்குள் ஆழமாகப் போய்ப் பிடித்துக்கொள்ள நீளமானவை, முதுகில் போட்டு நிரப்பச் சின்னவை. பிறகு அடிமானம் தோண்டி, ஒவ்வொரு கல்லும் மலைப்பக்கம் சாய்வாக இருக்குமாறு வைத்தோம். இரண்டு கற்களின் இணைப்புக்கு மேல் மூன்றாவது கல் உட்கார வேண்டும். இணைப்பின் நேர்மேலே இன்னொரு இணைப்பு வந்தால் சுவர் அந்தக் கோட்டில் கிழியும். சுவரின் முதுகுக்கும் மண்ணுக்கும் இடையே சல்லிக்கல் நிரப்பினோம். மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கி, கல்லிடுக்குகளில் கசிந்து வெளியேறிவிடும். சிமென்ட் பூசினால் தண்ணீர் பின்னால் தேங்கி, முதல் பெருமழையிலேயே சுவரைத் தள்ளிவிடும். ஒரு கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்தவில்லை என்று கீழே வைத்து, அடுத்ததை எடுத்து... எல்லாம் முடிய இரண்டு பேருக்குப் பதினோரு நாள் ஆயிற்று. நான்கு மீட்டர் சுவருக்கு!

கற்கள் பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குக் கொடுக்கும். இடுக்குகளில் பல்லியும் பாம்பும் குடியிருக்கும். டிராக்டர் இந்தத் தட்டுகளில் ஏற முடியாது. கவாத்து, இலை கிள்ளுதல், அறுவடை எல்லாமே கையால்தான். இப்போது கையால் அறுவடை செய்ய வேண்டும் என்பது வாகாவ் டி.ஏ.சி. (ஒரு பகுதியின் ஒயின் எப்படி இருக்க வேண்டும் என்ற சட்ட வரையறை) விதிகளிலேயே இருக்கிறது, 2020 அறுவடையிலிருந்து நடைமுறை. இந்தக் கல்கட்டுக் கலையை யுனெஸ்கோ 2018இல் எட்டு நாடுகளின் மரபாக ஏற்றது. 2024 டிசம்பரில் ஆஸ்திரியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் மூன்றாவது தட்டில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்தது, மூன்று பெயர்கள். "வாகாவ் ஒயினில் முதல் தரம் ஸ்மரக்ட், இரண்டாம் தரம் ஃபெடர்ஷ்பீல், மூன்றாம் தரம் ஷ்டைன்ஃபெடர். வாங்குவோர் ஏமாறாமல் முதல் தரத்தையே கேட்டு வாங்குங்கள்" என்று பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். இதைத் திருத்தியே ஆக வேண்டும். இவை தரவரிசை அல்ல. பழம் எவ்வளவு பழுத்தபோது பறித்தார்கள், ஒயினில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். 1983இல் இங்குள்ள விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய வினேயா வாகாவ் என்ற சங்கம் வகுத்தவை. ஷ்டைன்ஃபெடர் 11.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஃபெடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5 வரை. ஸ்மரக்ட் குறைந்தது 12.5. சங்கத்தின் விதிப்படி சாற்றில் வெளிச்சர்க்கரை சேர்க்கக் கூடாது. பழத்தில் இருக்கும் இனிப்பு மட்டுமே புளிக்க வேண்டும்.

பெயர்கள் மூன்றும் இந்த மலையிலிருந்தும் அதன் பழைய வாழ்க்கையிலிருந்தும் எடுத்தவை. ஷ்டைன்ஃபெடர் என்பது பாறைச்சரிவில் முளைக்கும் இறகு போன்ற ஒரு புல். ஃபெடர்ஷ்பீல் என்பது பறந்துபோன வேட்டைப் பருந்தைத் திரும்ப அழைக்க வல்லூறுக்காரர் சுழற்றிக் காட்டும் இறகுப் பொம்மை. ஸ்மரக்ட் என்றால் மரகதம். கையாலையில் வெயில் காயும் பச்சைப் பல்லிக்கு இங்குள்ள பெயர். நம் ஓணானைவிடக் கொஞ்சம் ஒல்லி, நிறம் மட்டும் இளநெற்பயிர்ப் பச்சை. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணின் தொண்டை நீலமாகும். மே மாதத்தில் கவாத்துக் கழிவைக் கூட்டும்போது ஒன்று என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் அசையாமல் இருந்து, நான் மூச்சு விட்டதும் கல்லிடுக்கில் மறைந்தது.

தரவரிசை என்று எழுதுவதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். ஒரு ஜூலை மதியம், நல்ல வெயில். எங்கள் தோட்டக்காரர் ஆண்டில் சில வாரங்கள் தம் வீட்டு முற்றத்திலேயே ஒயின் விற்பார். தன் விளைச்சலைத் தானே விற்றுக்கொள்ளும் இந்த உரிமையை 1784இல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் கொடுத்தார். கடை திறந்திருப்பதற்கு அடையாளமாக வாசலில் பசுந்தழைக் கொத்து ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ஆற்றுக் கப்பலில் வந்த ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் அன்று உள்ளே வந்தது. என் தமிழைக் கேட்டதும் அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அந்த வெயிலுக்கு ஷ்டைன்ஃபெடர் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். "மூணாந்தரம் வேண்டாங்க, ஸ்மரக்டே கொடுங்க" என்றார் அந்த அண்ணன். கொடுத்தேன். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பறித்த பழம், கனமான ஒயின். அந்த வெயிலில் இரண்டு மிடறுக்கு மேல் அவரால் முடியவில்லை. கூட வந்த பெரியம்மா ஒயின் தொடாதவர். இங்கத்து மரில்லே என்ற சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) பழச்சாறு வாங்கி இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போய்ப் பார்த்துவந்தார். நான் மேசையைத் துடைக்கும்போது அந்த ஸ்மரக்ட் கிளாஸ் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதே கிளாஸை நவம்பர் மாலையில் வறுத்த வாத்தோடு வைத்திருந்தால் கதையே வேறு.

"வாகாவ் ஒயின்கள் தேன் போல இனிப்பானவை" என்பதும் தவறு. மூன்று வகையுமே இனிப்பில்லாத வெள்ளை ஒயின்கள். நீங்கள் நினைத்தது பர்கன்லாண்ட் பகுதியில் நொய்சீட்ல் ஏரிக்கரையில் செய்யும் இனிப்பு ஒயின்களாக இருக்கலாம். அவை ஹங்கேரி எல்லையை ஒட்டிய வேறு நிலம், வேறு முறை. இங்கே இரண்டே ரகங்களைத் தெரிந்துகொண்டால் போதும். தனித் தோட்டத்தின் பெயரைப் புட்டியில் போட வேண்டுமென்றால் டி.ஏ.சி. விதி அனுமதிப்பதும் இந்த இரண்டைத்தான்: குரூனர் வெல்ட்லீனர், ரீஸ்லிங்.

வெல்ட்லீனருக்குத் தண்ணீர் வேண்டும். அதனால் லோய்பன், ரோசாட்ஸ் பக்கத்து வண்டல் போன்ற மஞ்சள் மண்ணில் அது சுகமாக வளரும். அந்த மண் பனியுகத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய தூசு; லோஸ் என்பார்கள். வெட்டி நிறுத்தினால் சுவர் போல நிற்கும், நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிரும். ரீஸ்லிங் வறட்சியைத் தாங்கும். மேல்தட்டுகளில் நைஸ் என்ற கெட்டியான பாறை உடைந்த அரையடி மண் போதும். வெல்ட்லீனரில் ஒரு மிளகுக் காரம் இருக்கும். கற்பனை என்று நினைக்காதீர்கள்: மிளகுக்கு வாசனை கொடுக்கும் ரோடண்டோன் என்ற அதே பொருள் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. முதல் ஆண்டு நான் சுவைத்ததும் "மிளகு" என்று தமிழில் சொல்லிவிட்டேன். முதலாளி அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு இன்றும் பீப்பாய் திறக்கும்போது என்னிடம் "மிளகு?" என்று கேட்பார்.

ஊருக்கு ஊர் சுவை மாறுவதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். கிழக்கிலிருந்து ஹங்கேரிச் சமவெளியின் வெப்பமும், வடமேற்கிலிருந்து காட்டுமலைக் குளிர்காற்றும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் சந்திக்கின்றன. லோய்பனில் வெப்பத்தின் கை ஓங்கும். ஸ்பிட்ஸுக்குப் பின்னால் ஸ்பிட்ஸர் கிராபன் என்ற கிளைப்பள்ளத்தாக்கில் குளிரின் கை ஓங்கும். அங்கே பழம் பழுக்கத் தாமதமாகும், ஒயின் மெலிந்து கூர்மையாக இருக்கும். குளிர் எப்போதும் நல்லது செய்வதில்லை. 2024 ஏப்ரலில், மார்ச் வெயிலை நம்பிச் சீக்கிரமே துளிர்த்த கொடிகள் மீது உறைபனி விழுந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகைமூட்டம் போட்டோம். காலையில் பார்த்தால் கீழ்த்தட்டுத் துளிரெல்லாம் கொதிநீர் ஊற்றிய கீரை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் அந்த மழை.

1985ஆம் ஆண்டின் ஆஸ்திரிய ஒயின் கலப்பட ஊழலை ஒரு வரியில் குறிப்பிட்டு, "அதனால் வாகாவ் பெயர் கெட்டது" என்று முடித்திருந்தீர்கள். சில வணிகர்கள் தங்கள் ஒயினைக் கனமாகவும் இனிப்பாகவும் காட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருளைக் கலந்தார்கள். ஏற்றுமதி அடியோடு விழுந்தது. அந்தப் பழி கலக்காத விவசாயிகள் தலையிலும் விழுந்தது உண்மை. ஆனால் வினேயா வாகாவ் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. ஊழலுக்குப் பின் வந்த சட்டம் ஐரோப்பாவிலேயே கடுமையானவற்றுள் ஒன்று. இன்று ஆஸ்திரியத் தர ஒயின் புட்டியின் மூடியில் சிவப்பு வெள்ளை சிவப்புப் பட்டை இருக்கும். ஒட்டுச்சீட்டில் அரசுச் சோதனை எண் இருக்கும். ஆய்வகத்திலும் நாக்கிலும் சோதிக்காமல் அந்த எண் கிடைக்காது.

கட்டுரை வந்த அடுத்த வாரம், மதுவால் குடும்பங்கள் அழியும்போது மதுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்த அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் சித்தப்பா குடித்தே ஈரல் கெட்டு 44 வயதில் இறந்தார். சித்தி பந்தல் வேலைக்குப் போய்த்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். நான் ஒயின் வைக்கும் பாதாள அறையில் சுவை பார்ப்பேன், துப்பிவிடுவேன். வீட்டில் பண்டிகைக்கு ஒரு கிளாஸ், அவ்வளவுதான். யாரையும் குடிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. திராட்சையை நம்பி வாழும் எவருக்கும் இது விவசாயச் செய்தி. கல்லும் சரிவுமான மலையில் மண்ணைப் பிடித்து நிறுத்தி, அணையிலிருந்தும் காப்பாற்றி, நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். 1970களில் டூர்ன்ஸ்டைன் அருகே டான்யூபை மறித்து நீர்மின் நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஊர்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி அதை நிறுத்தினார்கள். அதனால்தான் இன்றும் இங்கே ஆறு ஓடுகிறது, நிற்கவில்லை.

கடைசியாகப் படத்தைப் பற்றி. மேலே பெரிதாகப் போட்டிருந்த படத்தின் கீழ் "ஸ்பிட்ஸ் கிராமம்" என்று இருக்கிறது. அது டூர்ன்ஸ்டைன். ஆற்றோரம் நிற்கும் நீலமும் வெள்ளையுமான மடாலயக் கோபுரம் அங்கே மட்டும்தான் உண்டு. மேலே தெரியும் இடிந்த கோட்டையில்தான் 1192ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்டை ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்ட் சிறை வைத்தார். படத்தில் கோட்டைக்குக் கீழே கோடு கோடாகத் தெரிகிறதே, அவைதான் நான் சொன்ன கையாலைகள். பெட்டிச் செய்திக்கும் படக்குறிப்புக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வெளியானால் கத்தரித்து வைப்பதாக அக்கா மகன் சொல்லியிருக்கிறான். முதலாளியும் ஒரு பிரதி கேட்டிருக்கிறார். தமிழில் தம் ஊர்ப்பெயர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
திராட்சைத் தோட்டத் தொழிலாளி ஒருவர்,
கிரெம்ஸ், ஆஸ்திரியா.